45ஆ, 57ஆ? ஓர் ஐஸ் தொழிற்சாலையின் இரைச்சலும் இரண்டு ஒலிமானிகளும்: திருகோணமலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகர எல்லைக்குள், கடற்கரையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் சிறிய ஐஸ் தொழிற்சாலை ஒன்று பல வருடங்களாக இயங்கி வருகிறது. மே தொடங்கி செப்டெம்பர் வரை, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். இங்கே மீன்பிடிக்கு அதுதான் நல்ல காலம். மேற்குக் கரையிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து வாடி (தங்கும் குடில்) போடுவார்கள். ஐஸுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் என்பதால் கொம்பிறசர் இரவு முழுக்க ஓடும்.

பழைய கொம்பிறசர் ஓடிய காலத்தில் அயலில் யாரும் குறை சொன்னதில்லை. அது பழுதாகி, கைமாறி வந்த நான்கு சிலிண்டர் கொம்பிறசர் ஒன்றைப் பூட்டியதற்குப் பிறகுதான் பின்மதிலுக்கு அப்பால் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முறைப்பாடு செய்தார். இரவில் ஒரு முனகல் கேட்கிறது, தலைக்குள் அழுத்துகிறது, நித்திரையே இல்லை என்பது அவர் சொன்னது. அதே வீட்டின் முன் அறையில் படுக்கும் மகளுக்கும் மருமகனுக்கும் அப்படி எதுவும் பெரிதாகக் கேட்கவில்லை. தொழிற்சாலை முதலாளி இரண்டு முறை வீட்டுக்கு வந்து அவருடைய அறையில் நின்று கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்டும் விளங்கேல்ல ரீச்சர்" என்று சொல்லிப் போனார். இரண்டு காணிக்கும் இடையில் பழைய மதில் தகராறு ஒன்றும் இருந்ததால், அந்தக் கோபத்தில்தான் இதைக் கிளப்புகிறார் என்று அயலில் பேச்சு எழுந்தது.

கருவி அளவீட்டு வேலையில் இருப்பவன் என்ற முறையில், இரு தரப்புக்கும் பொதுவான ஒருவர் வழியாக என்னிடம் கேட்டார்கள். நான் போகும் முன்பே அங்கே இரண்டு எண்கள் இருந்தன.

இரண்டு எண்கள்

முதலாளி தன் தொலைபேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, நள்ளிரவில் எல்லைமதில் அருகே அளந்திருந்தார். 45 டெசிபெல். ஆசிரியையின் மருமகன் இணையத்தில் வாங்கிய ஒலிமானியால் அதே மதிலடியில் அளந்து, திரையைப் படமும் எடுத்து வைத்திருந்தார். 57 டெசிபெல்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வந்த ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, நகரப் பகுதிகளில் காலை 6 மணி தொடக்கம் மாலை 6 மணி வரை 63 டெசிபெல் ஏ, மாலை 6 தொடக்கம் காலை 6 வரை 50 டெசிபெல் ஏ. இந்த "ஏ" என்பது ஏ நிறையேற்றம்: மனிதக் காதைப் போல, தாழ்ந்த அடிப்பக்க ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் முறை. ஒலி எழும் காணியின் எல்லையில், குறித்த நேரத்துக்கான சமவலுச் சராசரியாக இதை அளக்க வேண்டும். ஆக 50 என்ற கோட்டுக்கு ஒரு எண் கீழே, மற்றது மேலே. அவரவர் எண்ணை அவரவர் பிடித்துக்கொண்டார்கள். 12 டெசிபெல் வித்தியாசம் என்பது ஒலிச் சக்தியில் கிட்டத்தட்ட 16 மடங்கு. கருவி கொஞ்சம் முன்பின்னாகக் காட்டுகிறது என்று சொல்லிக் கடந்துவிடக்கூடிய அளவல்ல.

என்னிடம் இருந்தது கிளாஸ் 1 (கிளாஸ் 2ஐவிடத் துல்லியம் கூடிய தரம்) ஒலிமானி, ஒலியை மூன்றிலொரு ஒக்டேவ் பட்டிகளாக, அதாவது குறுகிய சுருதிப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டக்கூடியது. மூன்றாவதாக ஒரு எண்ணைக் கொண்டுபோய் அந்தச் சண்டையில் போடுவதில் பயன் இருக்காது என்று தோன்றியது. அவர்களுடைய கருவிகள் ஏன் அப்படிக் காட்டின என்பது தெரியாமல் என் எண்ணை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? ஆகவே மூன்று கருவிகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதை முதல் வேலையாக எடுத்தேன்.

கருவிகளைச் சோதித்தது

மருமகனின் மானிப் பெட்டியில் "துல்லியம் ±1.5 டெசிபெல்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. கையேட்டின் உள்ளே சின்ன எழுத்தில், அது 94 டெசிபெல், 1 கிலோஹேர்ட்ஸ் நிலைக்கு உரியது என்று இருந்தது. மலிவு மானிகள் பலவற்றில் இதே கதைதான். 94 டெசிபெல் என்பது 1 பாஸ்கல் அழுத்தம். மானியைச் சரிபார்க்கும் கலிபிரேட்டர்கள் பெரும்பாலும் கொடுப்பதும் இந்த ஒரே சுருதியைத்தான். ஒரு கிலோப் படிக்கல்லால் மட்டும் சோதித்த தராசில் பவுணும் நிறுக்கலாம், நெல்மூட்டையும் நிறுக்கலாம் என்று நம்புவது போன்றது, அந்த ஒரு புள்ளியை வைத்து எல்லா மீடிறனுக்கும் (அதிர்வெண்ணுக்கும்) மானி சரி என்று எடுத்துக்கொள்வது.

ஒலிமானிகளுக்கான சர்வதேச நியமமான ஐஈசி 61672 மீடிறனுக்கு மீடிறன் வேறு வேறு விலகலை அனுமதிக்கிறது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி கிளாஸ் 2 மானிக்கு 1 கிலோஹேர்ட்ஸில் ±1 டெசிபெல், 63 ஹேர்ட்ஸில் ±2, 8 கிலோஹேர்ட்ஸில் ±5. கிளாஸ் 1க்கு 1 கிலோஹேர்ட்ஸில் ±0.7, 63 ஹேர்ட்ஸில் ±1. நியமத்துக்கு அமைந்த நல்ல கிளாஸ் 2 மானி ஒன்றுகூட, எந்த ஒலியை அளக்கிறது என்பதைப் பொறுத்து இவ்வளவு தள்ளிக் காட்டலாம்.

கல்யாணம், கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவர் தன் களஞ்சிய அறையையும் ஒரு பெரிய பேஸ் பெட்டியையும் தந்தார். 50, 100, 250, 1000, 4000 ஹேர்ட்ஸ் சுருதிகளை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டேன். 50 ஹேர்ட்ஸில் அலைநீளம் 7 மீற்றருக்குக் கிட்ட இருக்கும், ஆகவே மூன்று மைக்குகளையும் சில சென்ரிமீற்றர் இடைவெளியில் வைத்தால் மூன்றிலும் ஒரே அழுத்தம்தான் விழும். மேல் மீடிறனில் இது சரிவராது. 4 கிலோஹேர்ட்ஸில் அலைநீளமே 9 சென்ரிமீற்றர்தான் என்பதால், அங்கே ஒரு கருவியை எடுத்துவிட்டு அதே இடத்தில் மற்றதை வைத்து அளந்தேன்.

இன்னொன்றும் கவனிக்க இருந்தது. பேஸ் பெட்டியை அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் 50 ஹேர்ட்ஸோடு 100, 150 ஹேர்ட்ஸ் ஒலிகளும் சேர்ந்து வரும். ஏ நிறையேற்றம் 50 ஹேர்ட்ஸை 30.2 டெசிபெல் குறைக்கிறது, 100 ஹேர்ட்ஸை 19.1 மட்டுமே குறைக்கிறது. அப்படியானால் சோதனைச் சுருதியைவிட அதன் கழிவுகளே மானியில் பெரிதாக ஏறிவிடலாம். இதனால் ஒவ்வொரு முறையும் பட்டிகளைப் பார்த்து, சுருதி சுத்தமாக இருக்கும் அளவுக்கு ஒலியைக் குறைத்த பிறகே வாசிப்பெடுத்தேன்.

கிடைத்தது இது. மருமகனின் மானி 1000 ஹேர்ட்ஸில் 0.2 டெசிபெல் குறைவு, 100இல் 0.6 குறைவு, 50இல் 1.5 குறைவு. 4 கிலோஹேர்ட்ஸில் 2.4 கூடுதல். மலிவு மானிதான், ஆனாலும் பார்த்த இடமெல்லாம் கிளாஸ் 2 வரம்புக்குள் நின்றது. தொலைபேசி 1000இலும் 250இலும் ஒரு டெசிபெல் அளவில் ஒத்துப்போனது, 100இல் 4 டெசிபெல் குறைந்தது, 50இல் 12 டெசிபெல் சரிந்துவிட்டது. இதில் தொலைபேசிக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனிதப் பேச்சைக் காற்றிரைச்சல் இல்லாமல் கொண்டுபோகச் செய்த மைக் அது. அடிப்பக்க ஒலியை வேண்டுமென்றே வெட்டுகிறது. கலிபிரேட்டரை அதில் மாட்டவும் முடியாது.

அப்போ 57 எங்கிருந்து வந்தது? மருமகன் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், திரை ஓரத்தில் உச்சத்தைப் பிடித்துவைக்கும் குறி தெரிந்தது. சராசரியை அல்ல, ஒரு கணத்தின் உச்சத்தை அவர் எழுதியிருக்கிறார். மைக்கில் காற்றைத் தடுக்கும் பஞ்சுக் குமிழும் இல்லை. ஒரு நாள் மாலை கச்சான் நன்றாக வீசும்போது, கொம்பிறசர் நின்றிருந்த நேரத்தில், அதே மானியை அதே மதிலில் வைத்தோம். குமிழ் இல்லாமல் 55ஐத் தொட்டது. குமிழைப் போட்டதும் 44க்கு இறங்கியது. மருமகன் பக்கத்தில் நின்று பார்த்தார். நான் விளக்க வேண்டி இருக்கவில்லை.

எல்லைமதிலில் அளந்தது

காற்று ஓய்ந்த ஒரு பின்னிரவில், முக்காலியில் மைக்கை வைத்து, குமிழ் போட்டு, அளவெடுக்கும் முன்னும் பின்னும் கலிபிரேட்டரால் சரிபார்த்து, 15 நிமிடச் சராசரி எடுத்தேன். மானியைக் கையில் பிடிக்காமல் தள்ளி நிற்பது முக்கியம். ஆளின் உடம்பில் பட்டுத் திரும்பும் ஒலி சில நூறு ஹேர்ட்ஸ் பகுதியில் வாசிப்பைக் குழப்பும்.

48.4 டெசிபெல் ஏ. சட்ட வரம்புக்குள். முதலாளிக்கு நிம்மதி. இந்த இடத்தில் கோப்பை மூடியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

அதே நேரம், அடிப்பக்க ஒலியை அவ்வளவாகக் குறைக்காத சி நிறையேற்றத்தில் கிடைத்தது 74.0. ஏக்கும் சிக்கும் இடையில் 25க்கு மேல் இடைவெளி. உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டுச் சமூக இரைச்சல் வழிகாட்டி, இந்த இடைவெளி 10 டெசிபெலுக்கு மேல் போனால் மீடிறன் பகுப்பாய்வு செய்யும்படி சொல்கிறது. பட்டிகளைத் திறந்து பார்த்தால் 50 ஹேர்ட்ஸில் 75 டெசிபெல் தூணாக எழுந்து நின்றது. 100 ஹேர்ட்ஸில் 62. ஏ நிறையேற்றத்துக்குப் பிறகு அந்த 75 வெறும் 44.8 ஆகிறது. கொம்பிறசரை நிறுத்தியும் ஏ வாசிப்பு 43க்குக் கீழே போகவில்லை. அது பெரும்பாலும் சில்வண்டுச் சத்தம், 4 கிலோஹேர்ட்ஸ் பக்கத்தில். ஏ நிறையேற்ற மானியின் கணக்கில் அந்த வண்டுகளும் 50 ஹேர்ட்ஸ் தூணும் கிட்டத்தட்டச் சமம்.

தொலைபேசியின் 45உம் இப்போது விளங்கியது. என் பட்டி அளவுகளிலிருந்து 50 ஹேர்ட்ஸில் 12ஐயும் 100இல் 4ஐயும் கழித்துக் கூட்டினால் 44.7 வருகிறது. முதலாளி பொய் சொல்லவில்லை. அவருடைய கருவிக்குக் கேட்காததை அது எழுதவில்லை, அவ்வளவுதான்.

அறைக்குள்

முதலாளியும் நானும் ஆசிரியையின் அறைக்குள் போனோம். ஜன்னல் பூட்டியிருந்தது, மின்விசிறியை நிறுத்தச் சொன்னோம். முதலாளி வழக்கம்போல அறை நடுவில் நின்று காதைக் கொடுத்தார். மெல்லிய சத்தம்தான் என்றார். அப்போது ஆசிரியை சொன்னார்: "தம்பி, நீங்க நடுவில நிண்டு கேக்கிறீங்க. நான் சுவரோட தலை வைச்சுப் படுத்துக் கேக்கிறன்."

இந்த முழு வேலையிலும் ஆகப் பெரிய தகவல் அதுதான். அளவுநாடா போட்டால் அறையின் நீளம் 3.5 மீற்றர். 50 ஹேர்ட்ஸ் அலையில் சரியாகப் பாதி. இப்படிப்பட்ட அறையில் அந்த ஒலி இரு சுவர்களுக்கும் இடையில் நின்றலையாகக் கட்டிக்கொள்ளும்: சுவரோரத்தில் அழுத்தம் உச்சம், நடுவில் ஆகக் குறைவு. மைக்கை நடுவில் வைத்தபோது 50 ஹேர்ட்ஸ் பட்டியில் 56. தலையணை மேல் வைத்தபோது 71. ஒரே அறை, ஒரே நேரம், 15 டெசிபெல் வித்தியாசம். ஏ வாசிப்பு நடுவில் 33, தலையணையில் 41.

50 ஹேர்ட்ஸில் சாதாரணக் காதுக்குக் கேட்கத் தொடங்கும் மட்டம் 44 டெசிபெல் அளவில். அவர் அதற்கு 27 டெசிபெல் மேலே, ராத்திரி முழுக்கப் படுத்திருக்கிறார். ஜன்னலைப் பூட்டினால் 50 ஹேர்ட்ஸ் அவ்வளவாகக் குறையாது. கடலிரைச்சலும் வண்டுச் சத்தமும்தான் குறையும், முனகல் இன்னும் தனியாகத் தெரியும். முன் அறை நீளம் கூடியது, கட்டிலும் நடுவில். மகளுக்குக் கேட்காததும் பொய் இல்லை.

முதலாளி கட்டில் ஓரத்தில் இருந்து, தலையணைப் பக்கம் குனிந்தார். தலையைத் தூக்கினார், மறுபடி குனிந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது எங்கட மிசின் தான்" என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்றே கட்டிலைத் திருப்பி, தலைமாடு அறை நடுப்பக்கம் வரும்படி போட்டோம். செலவில்லை, கணக்கு சரியா என்பதற்கும் அதுவே சோதனை. மறுநாள் காலை ஆசிரியை, குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை என்றார்.

முதலாளி ஏற்கெனவே மதிலை உயர்த்த மதிப்பீடு எடுத்து வைத்திருந்தார். அதை வேண்டாம் என்றேன். 7 மீற்றர் அலைக்கு இன்னும் ஆறு வரிசைக் கல் ஒரு பொருட்டல்ல, மேலால் வளைந்து போய்விடும். சுவரில் பஞ்சுப் பலகை அடிக்கும் யோசனையும் அதே காரணத்தால் போனது. கப்பியை மாற்றி வேகத்தைக் குறைக்கலாம் என்பது நல்ல யோசனைதான், ஏனென்றால் ஒலி அறையின் 50 ஹேர்ட்ஸிலிருந்து விலகிவிடும். ஆனால் வேகம் குறைந்த வீதத்துக்கு ஐஸும் குறையும். சீசன் நேரத்தில் அதை அவரிடம் கேட்பது நியாயமாகப் படவில்லை.

ஆகவே ஒலி எங்கே பிறக்கிறது என்று தேடினோம். பம்பி, குளிர்க்கோபுர விசிறி, கொம்பிறசர் என ஒவ்வொன்றாக நிறுத்தினோம். கொம்பிறசர் நின்றதும் 50 ஹேர்ட்ஸ் தூண் விழுந்தது. நிமிடத்துக்கு 750 சுற்று, நான்கு சிலிண்டர்: செக்கனுக்கு 50 துடிப்பு. அந்தத் துடிப்பு வெளியேற்றக் குழாய் வழியாகப் போகிறது. குழாயை இறுக்கிய இரும்புப் பட்டிகள் நேரே பின்சுவரில் அடிக்கப்பட்டிருந்தன. சுவரில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு மணிக்கட்டு வரை ஏறியது. ஆசிரியையின் வீட்டைப் பார்த்திருப்பதும் அதே சுவர். பழைய கொம்பிறசரின் குழாய் நிலத்தில் நின்ற தாங்கிகளில் போயிருக்கிறது. புதியதைப் பூட்டியவர்கள் இடம் மிச்சம் பிடிக்கச் சுவருக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

முடிவு: குழாயைச் சுவரிலிருந்து விடுவித்து, இறப்பர் வைத்த பிடிகளோடு நிலத் தாங்கிகளில் நிறுத்துவது, கொம்பிறசரின் அடியில் அதிர்வுதாங்கிகள் போடுவது. அமோனியாக் குழாய் என்பதால் குளிரூட்டல் வேலை தெரிந்தவர்களைக் கொண்டு, பொறித்தொகுதியை நிறுத்தி, வாயுவைப் பாதுகாப்பாக ஒதுக்கிய பிறகே கைவைக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்தேன். சட்டப்படி அவர் எதையும் செய்யத் தேவையில்லை என்பதையும் அதே தாளில் எழுதினேன். அவர் செய்தார்.

பின்னர் நடந்தது

வேலை முடிந்த பிறகு, காற்றில்லாத இரவில், அதே இடங்களில் திரும்ப அளந்தேன். எல்லையில் 50 ஹேர்ட்ஸ் 75இலிருந்து 63க்கு வந்தது, தலையணையில் 71இலிருந்து 58க்கு. அதே எல்லையில் ஏ வாசிப்பு 48.4இலிருந்து 44.3க்கு மட்டுமே இறங்கியது, மிச்சமெல்லாம் வண்டுகள். முதலாளியின் தொலைபேசி 43 காட்டியது, முன்பு 45. அந்தச் செயலியை மட்டும் நம்பியிருந்தால் இவ்வளவு காசும் இரண்டு டெசிபெலுக்காகப் போனது என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

ஆசிரியைக்கு இன்னும் அது கேட்கிறது, கேட்க நினைத்தால். நித்திரை கொள்ள முடிகிறது என்றார். கட்டிலைப் பழைய இடத்துக்கு மாற்றவில்லை.

அடுத்த முறைக்கு

முறைப்பாட்டுப் படிவத்தில் இப்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்: எங்கே, எந்த நிலையில் இருக்கும்போது கேட்கிறது, ஜன்னலைப் பூட்டினால் கூடுகிறதா குறைகிறதா. பூட்டினால் கூடுகிறது என்று ஒருவர் சொன்னால் அடிப்பக்க ஒலியைத்தான் முதலில் தேட வேண்டும். அளவுப் பதிவில் ஏ, சி இரண்டையும் பக்கத்தில் எழுதுகிறோம், எந்தக் கருவியாக இருந்தாலும். மருமகனின் மானி போன்றவற்றிலும் சி பொத்தான் இருக்கிறது, யாரும் அமத்துவதில்லை.

கருவிப் பராமரிப்பிலும் ஒரு மாற்றம். மைக்கின் உட்புற அழுத்தத்தைச் சமன்படுத்தும் நுண்துளைதான் அதன் அடிப்பக்க மீடிறன் எல்லையைத் தீர்மானிக்கிறது. உப்பும் ஈரமும் நிறைந்த இந்தக் கடற்காற்றில் அந்தத் துளையில் எது படிந்தாலும் 1 கிலோஹேர்ட்ஸ் கலிபிரேட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது. மைக்கை சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வைக்கிறோம். ஆய்வுகூடச் சரிபார்ப்புக்கு அனுப்பும்போது 1 கிலோஹேர்ட்ஸோடு நிறுத்தாமல் 31.5 ஹேர்ட்ஸ் வரை கேட்டு வாங்குகிறோம். இரண்டு சரிபார்ப்புகளுக்கு இடையில் பேஸ் பெட்டியோடு பக்கம் பக்கமான ஒப்பீடு ஒன்றையும் செய்கிறோம்.

இறப்பர் இறுகிப்போகும் பொருள். கொம்பிறசர் அறையின் சூட்டில் இன்னும் விரைவாக இறுகும். அடுத்த கச்சான் காலம் தொடங்கும்போது எல்லையிலும் தலையணையிலும் 50 ஹேர்ட்ஸ் பட்டியைத் திரும்ப அளப்பதாக முதலாளியோடும் ஆசிரியையோடும் பேசி வைத்திருக்கிறோம். எல்லையில் 63க்கு மேல் 3 டெசிபெல் ஏறினால் பிடிகளை மாற்றுவது என்று அவர்கள் இருவரும் ஒப்புக்கொண்ட தாள் இரண்டு வீட்டிலும் இருக்கிறது.